கர்ப்பிணிக்கு மாதம் ஒரு சம்பள நாள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் மாதம் ஒரு நாள், சம்பளம் பிடிக்காமல், கிளினிக் போய்வர விடுப்புத் தர வேண்டும். சட்டம் வரட்டும் என்று காத்திராமல் தோட்ட நிர்வாகங்களே இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்கிறோம். அந்த ஒரு நாள் கிடைக்காதவரை, கர்ப்பிணி என்ன சாப்பிட வேண்டும், எத்தனை கிலோ ஏறலாம் என்று நாம் சொல்லும் புத்திமதியெல்லாம் வீண்.

நம் வீடுகளில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் கேட்கும் வார்த்தை, "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கணக்கு வேறு. முதல் மூன்று மாதத்தில் கூடுதல் உணவு ஏறக்குறைய தேவையே இல்லை. நடு மூன்று மாதத்தில் நாளுக்கு 300 கலோரி சொச்சம், கடைசி மூன்று மாதத்தில் 450 அளவில் கூடினால் போதும். 300 கலோரி என்பது ஓர் அவித்த முட்டை, ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் இரண்டு குடித்தாலும் அதே கணக்கு முடிந்துவிடும். ஆனால் அதில் பிள்ளைக்குப் போய்ச் சேரும் சத்து மிகக் குறைவு, மிச்சமெல்லாம் சீனி.

எடைக்கும் அளவு உண்டு. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2009இல் வகுத்த அளவுகள்தான் பல நாடுகளில் இன்றும் வழிகாட்டி. கருத்தரிக்கும் முன் சரியான எடையில் இருந்தவருக்கு 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். மெலிந்திருந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ. அதிக எடை உள்ளவருக்கு 7 முதல் 11.5, உடல் பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ போதும். ஆகவே ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு கர்ப்பிணிகளுக்கு ஒரே புத்திமதி பொருந்தாது. ஒருத்திக்கு "இன்னும் சாப்பிடும்மா" என்று சொல்ல வேண்டும், மற்றவளுக்கு "சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டு" என்று சொல்ல வேண்டும். யாருக்கு எதைச் சொல்வது என்பது முதல் மூன்று மாதத்துக்குள் தராசில் ஏறி நின்றால்தான் தெரியும். பன்னிரண்டாவது வாரத்துக்குள் கிளினிக்கில் பெயர் பதியச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டப்புறத்தில் இரண்டு ஆபத்துகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று சர்க்கரை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. தெற்காசிய உடல்வாகில், பார்வைக்கு ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் இரத்தத்தில் சர்க்கரையும் சேரும். 2004இல் உலக சுகாதார நிறுவனம் ஆசியருக்கு உடல் எடைக் குறியீட்டில் 23ஐத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளை அளவுக்கு மீறி வளரும், பிரசவம் சிக்கலாகும். தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடும்.

மற்றொன்று இரத்தச்சோகை. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் அதற்கு இந்தப் பெயர். அரசாங்கக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அது உடம்பில் சேர்கிறதா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. தேயிலை விளையும் மலையில் காலைச் சாப்பாட்டோடும் மத்தியானச் சோற்றுக்குப் பின்னும் தேத்தண்ணி இல்லாமல் முடியாது. குளிருக்கு அது இதம். மாத்திரையையும் பலர் அதே தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறார்கள். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுத் தேத்தண்ணி குடித்தால் இந்தச் சேதம் பெரிதும் குறையும். மாத்திரையை ஒரு கொய்யாத் துண்டோடோ எலுமிச்சைச் சாற்றோடோ எடுத்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். செலவில்லாத மாற்றம் இது. ஆனால் யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் கிளினிக்கில் இருக்கும் மிஸ்ஸி, அதாவது தாதி. அவர் முன் கர்ப்பிணி போய் உட்கார ஒரு நாள் வேண்டும்.

அந்த நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். சர்க்கரைப் பரிசோதனை என்றால் முந்தின இரவோடு சாப்பாடு நின்றுவிடும். உள்தோட்டத்து லயத்திலிருந்து வெறும் வயிற்றோடு கிளம்பி, வளைவு வளைவான தோட்டப் பாதையில் பெரிய சாலைக்கு வந்து, வண்டி கிடைத்து ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ கம்போங் ராஜாவுக்கோ போய்ச் சேர வேண்டும். முதலில் ஊசி குத்தி இரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் இரத்தம். மசக்கையில் இருக்கிறவள் அந்தச் சீனித் தண்ணீரை வாந்தியெடுத்துவிட்டால் சோதனை பலிக்காது, இன்னொரு நாள் வர வேண்டும். எடைக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கூலி வாங்குகிறவளுக்கு அது வருமானம் இல்லாத இன்னொரு நாள். அடுத்த மாதம் போகலாம் என்று அவள் தள்ளிப்போட்டால் அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

தள்ளிப்போடுவதன் விலை இந்த மலையில் அதிகம். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. சிக்கல் முற்றிய கர்ப்பிணியை நிபுணர்கள் உள்ள பெரிய மருத்துவமனைக்கு, ஈப்போவுக்கோ வேறு ஊருக்கோ, மலையிறக்கிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மண் சரியும் பாதை அது. ஆறாம் மாதத்தில் சாப்பாட்டை மாற்றியும் நடந்தும் கட்டுப்படுத்தியிருக்கக்கூடிய சர்க்கரையை, ஒன்பதாம் மாதத்தில் ஆம்புலன்சில் வைத்துப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

வேலைச் சட்டம் கர்ப்பிணியை மறந்துவிடவில்லை. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதற்கும் தடை வந்தது. போராடிப் பெற்ற நல்ல மாற்றங்கள் இவை. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளுக்கென்று தனியாகச் சம்பள விடுப்பு அதில் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு ஓய்வு தரும் சட்டம், பிள்ளை வயிற்றில் வளரும் மாதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையாக வைக்கத் தகுந்தது இது.

தேயிலைத் தோட்டத்துத் தாயைக் கவனிக்காமல் விட்டால் பிள்ளை என்ன ஆகும் என்பதை இலங்கை மலையகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே 2016ஆம் ஆண்டு ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுதும் 17.3 விழுக்காடு. தோட்டப் பகுதியில் மட்டும் 31.7 விழுக்காடு. கர்ப்பிணிகளுக்குத் திரிபோஷா மாவை 1970களிலிருந்து கொடுத்துவரும் நாடு அது. சத்து மாவு வேண்டியதுதான், ஆனால் வறுமையும் உழைப்பும் தூரமும் அப்படியே இருக்கும்போது மாவுப் பொட்டலம் மட்டும் போதவில்லை.

நிர்வாகங்கள் இரண்டு பதில் சொல்லக்கூடும். தோட்டத்தில் இப்போது உள்ளூர்ப் பெண்கள் குறைவு, வேலை பெரும்பாலும் இயந்திரத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கையிலும் இருக்கிறது என்பது ஒன்று. அப்படியானால் செலவும் குறைவுதானே! விடுப்பை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பது மற்றொன்று. கர்ப்பிணி கையில் இருக்கும் பிங்க் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் தேதி, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் எழுதித்தான் அனுப்புகிறார்கள். அதைக் காட்டச் சொன்னால் போதும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மருமகளின் தட்டில் பாதி காய்கறியும் கீரையுமாக இருக்கட்டும். கேமரன் மலையில் விளைவதை நாடே வாங்கிச் சாப்பிடுகிறது, அதை விளைவிக்கும் மலையில் கர்ப்பிணி வெறும் சோறும் குழம்பும் சாப்பிடலாமா? கால் பங்கு சோறு, கால் பங்கு முட்டை, மீன், பருப்பு, தெம்பே என்று எதுவும். நெத்திலிக் கருவாட்டைத் தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிச் சமைத்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். கணவர்கள் கிளினிக் நாளில் கூடப் போங்கள். மிஸ்ஸி சொல்வதை இரண்டு காது கேட்பதைவிட நான்கு காது கேட்பது நல்லது.

இனி கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. கடைசி மாதத்தில் அடிக்கடி வரச் சொல்வதையும் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்குப் பத்து நாள் என்று வைத்தாலும் 654 வெள்ளிதான் ஆகிறது. தேயிலைத் தோட்ட நிர்வாகங்கள் இதைத் தர முடியும், தர வேண்டும்.