ஒரே கூரையா, ஒரே வட்டாரமா?

ஈசூனில் வளர்ந்த பிள்ளை மணமுடித்துப் பொங்கோலில் வீடு வாங்கிச் சென்றால், "தனிக்குடித்தனம் போய்விட்டான்" என்று உறவினர் குறை கூறுவர். இக்குறை நியாயமன்று. கம்பத்து வீட்டில் ஆள் கூடினால் பின்புறம் ஓர் அறையை இழுத்துக் கட்டிக்கொள்ள முடிந்தது. அடுக்குமாடி வீட்டில் அது இயலாது. ஒரே அடுப்பில் இருவர் சமைக்கும்போது, ரசத்தில் உப்புக் கூடியதும் பெரும் வழக்காகிவிடுகிறது.

2018 முதல், வீவக மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளியும், 4 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தால் 20,000 வெள்ளியும் மானியம் பெறுகிறது. தொகை குறைந்தாலும் பின்னதே நம்மவர்க்குப் பெரிதும் பொருந்தும். தனி அடுப்பு, தனிச் சாவி. ஆயினும் பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் கால் மணி நேரத்தில் கஞ்சி வந்து சேரும். பேரப்பிள்ளைகளின் நாவில் தமிழ் தங்குவதற்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்து போதாது. பள்ளி விட்டதும் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

தாய் வீட்டுப் புளோக்கிலேயே வேண்டும் என்ற பிடிவாதம் உதவாது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, இந்தியருக்கும் பிற இனத்தவருக்குமான வரம்பு 2010 முதல் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. அது நிரம்பிய இடத்தில், அதே பிரிவினர் விற்கும் வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித் தேடினால் என்ன?

அருகில் வாழ்வதிலும் அநீதி நுழைவதுண்டு. காலை ஏழு மணிக்குக் குழந்தையை விட்டு, இரவு எட்டு மணிக்கு அழைத்துச் சென்று, தாயைச் சம்பளமில்லா ஆயாவாக்கும் பிள்ளைகள் உளர். மூட்டுவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேரனைத் தூக்கும் அவர், "முடியவில்லை" என்று வாய்திறவார். மறுபுறம், சாவி கையிலிருக்கிறதென்று சொல்லாமல் நுழைந்து மருமகளின் குளிர்பதனப் பெட்டியை ஆராயும் மாமியாரும் உளர்!

எல்லாவற்றிலும் பெரிய அநீதி, அருகிலிருக்கும் ஒருவர் தலையிலேயே முழுச் சுமையும் விழுவது. பெரும்பாலும் அவர் மணமாகாத மகள். பாசிர் ரிசில் இருக்கும் அண்ணன் மாதந்தோறும் பணம் கொடுத்துக் கடமை முடிந்ததென்று இருப்பார். 1995இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பணத்தைத்தான் பெற்றுத் தரும். மருத்துவமனையில் எண் அழைக்கப்படும்வரை காத்திருக்கும் அரை நாளை அன்று. அந்த அண்ணன் மாதம் இருமுறை தாமே வந்து தாயுடன் தங்கினால், தங்கையும் வெள்ளிக்கிழமை பூசைக்கு நிம்மதியாக வந்து போகலாம்.