பெட்டியைக் கேட்கிறவர்கள்

சங்கீதத்தில் நம்மவர்களுக்குப் பிரியம் அதிகம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கொரு பெருமை. இருக்கட்டும். ஆனால் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரையில், கையில் நாலு காசு சேர்ந்த சங்கீதப் பிரியர் ஒருவர் உயர்ந்த ரக ஸ்பீக்கர் வாங்கப் புறப்பட்டால் என்னென்ன விசாரிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? எந்தக் கம்பெனி? எத்தனை வாட்? ஜோடி என்ன விலை? நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அவரும் கேட்பதில்லை; கடைக்காரரும் கேட்பதில்லை. இதை எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்?

கேட்டால் பாதி வியாபாரம் படுத்துவிடும். அதுதான் சங்கதி.

சேலையூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, மாம்பலத்தில் இறங்கி, தியாகராய நகர் சபாக்களில் கச்சேரி கேட்டுவிட்டுக் கடைசி வண்டியில் திரும்பியவர். இப்போது முழங்கால் இடங்கொடுக்கவில்லை. கச்சேரி இனி வீட்டுக்கு வரட்டும் என்று, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்திலிருந்து நாலு லட்ச ரூபாயை எடுத்து, மார்பளவு உயரமுள்ள ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினார். கூடம் பன்னிரண்டடிக்குப் பத்தடி. வழவழவென்று ஓடு பதித்த தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல். மூலைக்கொன்றாக இரண்டும் துவாரபாலகர்களைப் போல நின்றன.

அவருக்கு உயிர் எம். டி. ராமநாதன். அந்த ஆழ்ந்த சாரீரத்துக்காகத்தான் இத்தனை செலவும். பாட்டைப் போட்டால், ராமநாதன் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறார்! ஒரு ஸ்வரம் கும்மென்று சுவரை முட்டுகிறது. அடுத்த ஸ்வரத்தைக் காணவில்லை. கடைக்குப் போன் செய்தார். "ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் பாருங்கள் சார், கேபிளும் சாதாரணமாயிருக்கிறது" என்று பதில் வந்தது. அதாவது, இன்னொரு லட்சம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. சத்தம் காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பன்னிரண்டடி தள்ளி இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றால், விநாடிக்கு ஏறக்குறைய 47 அதிர்வுள்ள ஒலியும், அதன் இரட்டிப்பான 94-ம் அந்த அறையில் தாமாகவே வீங்கும். பத்தடிக்கு 57, 113. கூரையும் பத்தடி உயரம் என்றால் ஒரு வீக்கத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும். ஆண் குரல் மந்தர ஸ்தாயியில் நடமாடுகிற இடமே இதுதான். அதிலும் பெட்டியை மூலையில் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் இன்னும் உப்பும். இதற்குக் கேபிள் என்ன செய்யும், பாவம்!

சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுத்து வையுங்கள் என்றேன். இழுத்தோம். ராமநாதன் குடத்திலிருந்து பாதி வெளியே வந்தார். அந்த அம்மாள் சமையலறை வாசலிலிருந்து, "வீட்டில் மனுஷாள் நடக்க வேண்டாமா?" என்று கேட்டாள். நியாயந்தானே? அந்தக் கூடத்துக்கு அந்தப் பெட்டி ஆகாது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். இப்போது பெரியவர் ராத்திரியில் கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்கிறார். நாலு லட்சத்தின் மேல் துணி போர்த்தியிருக்கிறது.

வாட் கணக்கு இன்னொரு ஏமாற்று. நூறு வாட்டை இருநூறாக்கினால் சத்தம் இரு மடங்காகிவிடாது; மூன்று டெசிபல் கூடும், அவ்வளவே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண ஸ்பீக்கரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 85 டெசிபலுக்குக் குறையாமல் கொடுக்கிறது. அதற்கு மேல் பேசுவதென்றால் குரலை உயர்த்திக் கத்த வேண்டும். '20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்' என்ற ஜம்பமும் அப்படித்தான். ஒரு கட்டையில் பாடுகிற ஆண் பாடகரின் மந்தர ஸட்ஜமே 65-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 20 வேண்டியது மாதா கோயில் ஆர்கனுக்கும் சினிமா வெடிகுண்டுக்கும். குரோம்பேட்டையில் வெடிகுண்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார்.

"காதே சாட்சி, விலை உயர்ந்தது நன்றாயிருப்பதை நானே கேட்டேன்" என்பார்கள். கேட்டீர்களா, பார்த்தீர்களா? ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஒரு பரீட்சை வெளியிட்டார்கள். அதே மனிதர்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால், ஒரு முறை கண்ணுக்கு முன்னால். கண்ணால் பார்த்தபோது பெரிய பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது, சிறியதன் மதிப்பெண் இறங்கியது. அவர்கள் ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர்கள் என்பதுதான் வேடிக்கை.

விலை உயர்ந்ததெல்லாம் மோசடி என்கிறாயா என்று கோபிக்க வேண்டாம். நல்ல கூம்புக்கும் கனமான பெட்டிக்கும் பணம் ஆகத்தான் ஆகும். ஆனால் 1970-களில் பி.பி.சி. பொறியாளர்கள் தங்கள் ஒலிபரப்பு வண்டியின் நெருக்கடிக்குள் வைப்பதற்கென்று செய்த எல்.எஸ். 3/5ஏ ஓரடி உயரம், ஏழரை அங்குல அகலம். மனிதக் குரலுக்கு அதை இன்றும் உதாரணமாகச் சொல்கிறார்கள். (அதன் வாரிசுகளும் இன்று யானை விலை விற்பது வேறு கதை.) நம் கூடங்களுக்கு அந்த ஜாதிதான் பொருந்தும். மீதிப் பணத்தில் ஒரு சுவர் நிறையப் புத்தக அலமாரி, தரைக்குக் கனத்த ஜமக்காளம், ஜன்னலுக்குத் திரை. அறை நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். கணகணவென்று திரும்பி வந்தால் ஸ்பீக்கர் வாங்க நாளாகவில்லை.

இன்னொன்று. ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய ஜோடி மலிவாகக் கிடைத்தால், கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பரானால் சரி. நுரைப் பஞ்சானால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் மாவாய் உதிர்ந்துவிடும். புதிது வாங்குகிறவர், தமக்கு மனப்பாடமான குரல் ஒன்றின் பதிவை எடுத்துக்கொண்டு போகட்டும். கடையில் கேட்டது போதாது. இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுப்பீர்களா, முன்பணம் கட்டுகிறேன் என்று சொல்லட்டும். முடியாது என்றால் படியிறங்கி வந்துவிடலாம். பட்டணத்தில் வேறு கடை இருக்கிறது.