அறுந்த நரம்பும் தீவகத்தின் தூரமும்

1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் பயணித்தோரில் 20இற்கும் அதிகமானோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அக்கொடூரத்தைத் தீவக மக்கள் இன்றும் நினைவுகூருகின்றனர். வெட்டுக்காயங்களுடன் உயிர் தப்பியோரும் அப்படகில் இருந்தனர். வெட்டுக்காயத்தில் தோல் சில வாரங்களிற் பொருந்திவிடும். ஆனால் உள்ளே நரம்பு அறுந்திருந்தால், காயம் ஆறிய பின்னரே உண்மையான இழப்புத் தெரியவரும்.

யுத்தம் 2009இல் முடிந்தது. எனினும் நரம்புகள் அறுபடுவது நிற்கவில்லை. படகு இயந்திரத்தின் விசிறியிற் சிக்கும் கை, பனையிலிருந்து விழும் தொழிலாளியின் தோள், பண்ணைத் தாம்போதியில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகும் இளைஞனின் புயம் என்று அந்த ஆபத்து நாளாந்த வாழ்வோடு கலந்திருக்கிறது. விரல் நுனியில் உணர்வற்றுப்போன மீனவரால் வலையின் கண்ணைப் பொத்த முடியாது. வெளித்தோற்றத்துக்குக் கை முழுமையாக இருப்பதால், அவரது இயலாமையை அயலவர் கூட நம்புவதில்லை.

மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே கைகால்களிற் பரவும் சுற்றயல் நரம்புகளுக்கு மீள வளரும் ஆற்றல் உண்டு. அறுந்த முனையிலிருந்து புதிய நார்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லி மீற்றர் வீதம் நீளுகின்றன. மணிக்கட்டில் அறுந்தால் உள்ளங்கையின் தசையை அடையச் சில மாதங்கள் போதும். மேற்கையில் அறுந்தால் 50 சென்ரி மீற்றர் அளவு பயணிக்க வேண்டும். அதற்கு 500 நாட்கள் செல்லும். ஆனால் 12 முதல் 18 மாதங்கள் வரை நரம்புத் தொடர்பின்றிக் கிடக்கும் தசை, பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் இயங்குவதில்லை. ஆகவே சத்திரசிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் இக்கணக்கிலிருந்தே கழிகிறது.

அறுந்த முனைகளை இழுத்துத் தைக்க முடியாதவாறு இடைவெளி விழுந்துவிட்டால், நோயாளியின் கணுக்காற் பக்கத்து உணர்வு நரம்பொன்றை எடுத்து ஒட்டுவதே நெடுங்கால வழக்கம். அதற்கு விலையாகப் பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போகும். இதற்கு மாற்றாகவே இழையப் பொறியியல் முன்வந்துள்ளது. இரு முனைகளையும் ஒரு மெல்லிய குழாய்க்குள் வைத்துத் தைத்தால், நார்கள் அதனூடாக வழிதவறாமல் வளரும். குழாய் காலப்போக்கில் உடலிற் கரைந்துவிடும். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நியூராஜென் இவ்வகையானது. ஆயினும் இத்தகைய வெற்றுக் குழாய்கள் ஏறத்தாழ 3 சென்ரி மீற்றருக்கு உட்பட்ட இடைவெளிகளுக்கே பொருத்தமானவை. குழாய்க்குள் உயிர்க்கலங்களையும் வளர்ச்சிக் காரணிகளையும் நிரப்பி நீண்ட இடைவெளியைக் கடக்கும் முயற்சிகள் பெரும்பாலும் விலங்குப் பரிசோதனை நிலையிலேயே உள்ளன. அதிசய சிகிச்சை என்று எவரேனும் பணம் கேட்டால், நம்மவர்கள் இதை நினைவிற் கொள்வது நல்லது.

நமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. நியூராஜென் மாட்டின் தசைநாணிலிருந்து பெறப்படும் கொலாஜனால் ஆனது. பன்றியின் சிறுகுடற் படையிலிருந்து செய்யப்படும் நரம்பு உறைகளும் சந்தையில் உள்ளன. வேறு வழியற்ற நெருக்கடியில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்ற ளரூரத் விதியை முஸ்லிம்கள் அறிவர். ஆனால் இங்கே சொந்த நரம்பை ஒட்டும் வழியும் இருக்கிறது. ஆதலால் அந்த விதியை நோயாளியின் சார்பில் வைத்தியர் தாமாகவே பிரயோகித்துவிட முடியாது. மாட்டிறைச்சியை விலக்கிய சைவர்களுக்கும் இது பொருந்தும். எதனாற் செய்யப்பட்டது என்பதைத் தாய்மொழியிற் சொல்லிச் சம்மதம் பெறுவது சலுகையன்று, கடமையாகும்.

மனித நரம்பிலிருந்து கலங்களை நீக்கிப் பதப்படுத்தி ஒட்டும் முறையும் வெளிநாடுகளில் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் மனித இழைய மாற்றுக்கான சட்டம் 1987இலேயே இயற்றப்பட்டது. கண் தானச் சங்கத்தின் மனித இழைய வங்கியும் 1996இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. இந்த அத்திவாரத்தின் மீது நரம்பையும் சேர்த்துக் கட்டியெழுப்புவது பற்றிச் சுகாதார அமைச்சு ஆராய வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத பணியும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு மீண்டும் தரைப்பயணம். கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை. இரத்தம் நின்று தையலும் போட்டாகிவிட்டால், இவ்வளவு தூரத்தைக் கடக்க யாருக்கும் மனம் வராது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ கையில் வெட்டுக்காயத்துடன் வருபவருக்கு விறைப்பு ஊசி போடுவதற்கு முன்னர், ஒவ்வொரு விரல் நுனியிலும் உணர்வு இருக்கிறதா, விரல்களை அகல விரிக்க முடிகிறதா என்று பார்க்க ஓரிரு நிமிடங்களே செல்லும். ஊசி போட்ட பின்னர் அதைச் சரிவர அறிய வழியில்லை. அச்சோதனையில் ஐயம் எழுந்தால், தையல் வெட்டும் நாள்வரை தாமதியாது, அடுத்த படகிலேயே அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.