மூட்டு மாற்றியாச்சு... வலி மாத்திரை ஏன் 'கேட்க' மாட்டேங்குது?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இப்போது பெருநகரத்துச் சங்கதி மட்டும் இல்லை. திருப்பத்தூருக்கும் சிவகங்கைக்கும் நடுவே இருக்கும் திருக்கோஷ்டியூர் போன்ற ஊர்களில் இருந்தும் காரைக்குடி, மதுரை என்று போய் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் சில நாட்களிலேயே டிஸ்சார்ஜ். அதன் பிறகுதான் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு போன் வரும்: "ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுச்சுப்பா. ஆனா வலி தாங்கல. எந்த மாத்திரையும் கேட்க மாட்டேங்குது."

இது சிலருக்கு மட்டும் ஏன் நடக்கிறது? டோஸைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

செலவு குறைந்தது, வலி?

2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்–குரோமியம் வகையின் விலை, வரி நீங்கலாக ரூ.54,720 ஆனது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் போகும் வழி எளிதானது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் வலியை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற திட்டம் பல குடும்பங்களின் கையில் இல்லை. மருந்துக்கு உடம்பு பழகிப்போனவர்களை இந்த இடைவெளிதான் அதிகம் பாதிக்கிறது.

'உடம்பு பழகிப்போச்சு' என்றால் என்ன?

மார்ஃபின், டிராமடால், டேபென்டடால், ப்யூப்ரெனார்ஃபின் ஆகியவை ஓபியாய்டு வகை மருந்துகள். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வலிச் செய்தியை அடக்குபவை. வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் ஏற்பிகள் மந்தமாகிவிடும். நேற்று ஒரு மாத்திரையில் அடங்கிய வலிக்கு இன்று இரண்டு தேவைப்படும். இதுதான் தாங்குதிறன். தினமும் 60 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குச் சமமான மருந்தை ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுப்பவரை இந்தப் பிரிவில் சேர்க்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

இது போதைக்கு அடிமையாவது அல்ல. டாக்டர் சொன்னபடி மருந்து எடுத்த புற்றுநோயாளிக்கும் தாங்குதிறன் வரும். அடிமைத்தனம் என்பது, கேடு என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் தேடித் தேடி எடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், உண்மையாகவே வலிக்கிறது என்று சொல்பவரை 'மாத்திரைக்கு அலைகிறார்' என்று முத்திரை குத்திவிடுவோம்.

எல்லாருக்கும் அதுதான் காரணமா?

இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்குவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை. மெடிக்கலில் 'மூட்டு வலிக்கு' என்று கேட்டு வாங்குவது. இவற்றுக்கு ஓபியாய்டு போலத் தாங்குதிறன் வருவதில்லை. மூட்டுத் தேய்மானம்தான் முற்றுகிறது. ஆனால் வேறு விலை உண்டு: சிறுநீரகமும் இரைப்பையும் பழுதாகியிருந்தால், ஆபரேஷனுக்குப் பின் இந்த மருந்துகளைத் தர முடியாமல் போகும். டாக்டரின் கையில் இருக்கும் ஆயுதம் ஒன்று குறைகிறது.

மரபணுவும் காரணமாகலாம். டிராமடாலை உடலுக்குள் வீரியமான வடிவத்துக்கு மாற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அது சிலருக்கு மந்தம். அவர்களுக்கு முதல் மாத்திரையே சரியாகக் கேட்காது.

டோஸைக் கூட்டினால் என்ன?

இங்கேதான் ஆபத்து. வலிக்கான தாங்குதிறன் வளரும் அளவுக்கு, மூச்சை அடக்கும் விளைவுக்கு எதிரான தாங்குதிறன் வளர்வதில்லை. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு குறையலாம். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடு டிராமடால் சேர்ந்தால் வலிப்பு வரக்கூடும். நீண்ட காலம் அதிக அளவில் எடுத்தால், மருந்தே வலி உணர்வைக் கூர்மையாக்குவதும் உண்டு.

பாராசிட்டமாலிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவான உச்சவரம்பு நாளுக்கு 4 கிராம். எடை குறைந்தவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், மது அருந்துபவர்களுக்கு இன்னும் குறைவு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். டிராமடாலோடும் அசெக்ளோஃபெனாக்கோடும் பாராசிட்டமால் கலந்தே பல மாத்திரைகள் வருகின்றன. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் மூன்றையும் போட்டால் அளவு தாண்டிவிடும்.

அப்போ சரியான வழி?

ஒரே மருந்தைக் கூட்டாமல், வலியைப் பல பக்கமும் மறிப்பது. ஆபரேஷன் நேரத்திலேயே தொடை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி, மூட்டைச் சுற்றி மருந்து, பிறகு வேளை தவறாமல் பாராசிட்டமால், உடல் ஏற்றால் வீக்கம் குறைக்கும் மாத்திரை, ஐஸ் ஒத்தடம், சீக்கிரமே நடைப்பயிற்சி. இவற்றையும் மீறும் வலிக்குத்தான் ஓபியாய்டு. ஏற்கெனவே அந்த வகை எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவை நிறுத்தாமல், அதன் மேல் கூடுதல் திட்டம் போடுவார்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வந்து வலியும் கூடும்.

நரம்பு ஊசியின் பலன் பொதுவாக ஒரு நாளுக்குள் தீரும். அப்போது வலி சட்டென்று ஏறுவது எதிர்பார்த்ததே. அதற்கு முன்பே அடுத்த மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

ஊர்ப்பக்கத்தில் கூடுதல் சிக்கல் என்ன?

2018 ஏப்ரலில் டிராமடால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. தவறான பயன்பாட்டைத் தடுக்க அது தேவைதான். ஆனால் எழுதித் தந்த மருந்து ஊர் மெடிக்கலில் கிடைக்கும் என்று நம்பி வீடு திரும்ப முடியாது. மறுபுறம், 2014-ல் அதே சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் உரிம நடைமுறையை எளிதாக்கியது அரசு. காரணம் பற்றாக்குறை: இந்தியாவுக்குத் தேவையான ஓபியாய்டு வலி நிவாரணியில் 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்றது 2017-ல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை. அமெரிக்காவுக்கு அள்ளிக் கொடுத்ததால் சிக்கல். இங்கே கிடைக்காததும், திட்டமில்லாமல் கிடைப்பதும் சேர்ந்த சிக்கல்.

குடும்பம் என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து நிபுணரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: எந்த வலி மாத்திரை, எத்தனை மாதம், தூக்க மாத்திரை, மது, நாட்டு மருந்து. சில மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. 'அப்பா குடிப்பார்னு எப்படிச் சொல்றது' என்ற தயக்கம் ஆபரேஷனுக்குப் பின் அவருக்கே வினையாகும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டியவை மூன்று: எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு? எப்போது, எப்படிக் குறைப்பது? ராத்திரி வலி தாங்காவிட்டால் யாருக்கு போன்? ஓபியாய்டு இருந்தால், அதைத் தேவையான நாட்களுக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டே ஊருக்குக் கிளம்புங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். ஆலோசனைக்கு 104.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காயத்தில் சீழ் அல்லது காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் உடனே 108.

இவ்வளவும் செய்தும் எல்லாருக்கும் வலி முழுதாகப் போய்விடாது. முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 சதவீதம் பேருக்கு நீண்ட கால வலி இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான கட்டுரை சொல்கிறது. மூன்று மாதம் தாண்டியும் வலி குறையாவிட்டால், 'பழகிக்கோங்கம்மா' என்று சொல்லாமல், அடுத்த அட்டை மாத்திரையும் வாங்காமல், மறுபடி டாக்டரிடம் காட்டுவதே சரி.