அம்மாவின் கூடைக்குக் கூலி எங்கே?



"அம்மா என்ன வேலை?" என்று கேட்டால் "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்கிறோமே, அதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. சும்மா இருக்கிற அம்மா யாராவது எண்ணூரில் இருக்காங்களா?

எங்க அம்மா ஒயர் கூடை பின்னுகிறார். அப்பா மீன்பிடித் தொழில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம்ம முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததே, அப்போது வலை பல நாள் காய்ந்து கிடந்தது. மளிகைக் கடை பாக்கியைக் கூடைக் காசில்தான் அடைத்தோம்.

இப்போ ஒரு கணக்கு. ஒரு கூடைக்கு ஒயர் 2 ரோல், 90 ரூபாய். சிவன் கண் முடிச்சு போட்டுப் பின்ன 10 மணி நேரம். விற்பது 220 ரூபாய்க்கு. மிச்சம் 130. அதாவது மணிக்கு 13 ரூபாய்! அதிலும் "பிளாஸ்டிக்தானேம்மா, 150க்குக் குடு" என்று பேரம் வேற. ஒயருக்கு விலை உண்டு, அம்மாவின் நேரத்துக்கு விலை இல்லையா?

தனியாக இருந்தால் விலை சொல்லத் தைரியம் வராது. நம்ம சென்னையிலேயே 1978-ல் ஜெயா அருணாசலம் என்பவர் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவில் வியாபாரம் செய்கிற பெண்களும் வீட்டிலேயே கைவேலை செய்கிற பெண்களும் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கினார்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு. 1981-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கமும் ஏற்படுத்திக்கொண்டார்கள். வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம் பாருங்க! நம்ம தெரு சுய உதவிக் குழுவில் கடன் வாங்குகிறார்கள், கட்டுகிறார்கள், அதோடு சரி. கூடைக்கு ஒரே விலை என்று சேர்ந்து பேசினால் என்ன?

ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று சில பேர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தது ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பொருட்களை. எங்க ஆயா பின்னிய கூடை இன்னும் ரேஷன் கடைக்குப் போய் வருகிறது. ஆனால் மட்டமான ஒயரில் பின்னினால் ஆறு மாதத்தில் கைப்பிடி அறுந்து அதுவும் குப்பைதான். ஒரு கடைக்காரர் அந்த ஒயரில் பின்னச் சொன்னார், லாபம் கூட வரும் என்றார். அம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது வேறு விஷயத்தில். ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலம் போடச் சின்னக் கூடை 50, அதுவும் 15 நாளில் கேட்டார்கள். ஒன்றுக்கு 4 மணி நேரம் என்றால் மொத்தம் 200 மணி நேரம். ஒரு நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல! "நீ ரெண்டு நாள் லீவு போட்டா முடிஞ்சிடும்" என்றார் அம்மா. எனக்கு பேங்க் வேலைக்குப் போகணும் என்று ஆசை. அடுத்த வருஷம் பத்தாவது. லீவு போட மாட்டேன், ஹோம்வொர்க் முடித்து ஒரு மணி நேரம் பின்னுகிறேன் என்றேன். அண்ணன் மட்டும் ஏன் கிரிக்கெட் ஆடப் போகிறான் என்றும் கேட்டேன். பையன் பின்னினால் கை தேய்ந்து விடுமா?

அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்புறம் 30 கூடைதான் முடியும் என்று சொல்லி அனுப்பினார். அவர்களும் சரி என்றார்கள். அண்ணன் இப்போது கைப்பிடி சுற்றுகிறான், கோணலாக வருகிறது, அம்மா பிரித்துப் பிரித்துத் திரும்பச் சுற்ற வைக்கிறார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி