முயலுக்கு எந்தத் துப்பாக்கி?

துப்பாக்கியைப் பற்றி இந்த வயதில் இவன் எதற்கு எழுதுகிறான் என்று நம் ஊர் நண்பர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. முன்பு நம் புதுச்சேரிப் பிள்ளைகள் பிரான்ஸுக்குப் போனார்கள். இப்போது ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். போனவர்களில் சிலர் நகரத்தை விட்டு வெளியே வந்து நிலம் வாங்குகிறார்கள். நிலம் வாங்கினால் முயல் வருகிறது; முயல் வந்தால் துப்பாக்கிப் பேச்சு வருகிறது.

என் தங்கை மகன் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் நகருக்கு மேற்கே 40 ஏக்கர் வைத்திருக்கிறான். நம் கணக்கில் சுமார் 30 காணி. அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று தினமும் இரவுச் சாப்பாட்டில் விவாதம். நான் சுட்டுப் பழகியவன் அல்ல. ஆனால் வேலையில் இருந்த காலத்தில் ஆயுத உரிமக் கோப்புகள் ஓடும் பிரிவில் மூன்று வருடம் உட்கார்ந்தவன். எந்த ஆயுதம், எந்தக் காரணத்துக்கு என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே கேட்டும் படித்தும் நான் வந்து சேர்ந்த கருத்தை எழுதுகிறேன்.

முதலில் முயலைப் பற்றி. தமிழில் எல்லாமே முயல்தான். நாம் லிசேயில் படித்தபோது இரண்டு சொல் கற்றோம்: லப்பேன், லியேவ்ர். நம் பக்கத்துக் காடுகளிலும் புதர்களிலும் இருப்பது லியேவ்ர். அது வளை தோண்டாது. புல்லில் ஒரு பள்ளம் செய்து படுத்துக்கொள்ளும். அதை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது வேறு கதை. ஆஸ்திரேலியாவில் தொல்லை கொடுப்பது லப்பேன். கூட்டமாக வளை தோண்டி, பூமிக்கு அடியில் தெருத் தெருவாகக் குடியிருக்கும். கர்ப்பம் ஒரு மாதம்தான். நான்கு மாதத்தில் குட்டியே தாயாகிவிடும். பத்துப் பன்னிரண்டு முயல் சேர்ந்தால் ஒரு செம்மறி ஆட்டின் மேய்ச்சலைத் தின்றுவிடும் என்பது அங்குள்ள விவசாயிகளின் கணக்கு. புல்லை வேரோடு கடித்துவிடுவதால் மண் காற்றில் போகிறது. நட்ட மரக்கன்று ஒன்று தேறாது.

இது இயற்கையாக வந்த தொல்லையும் அல்ல. 1859-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரருக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் 24 முயல்கள் வந்து இறங்கின. வேட்டையாடி விளையாடுவதற்காக. அவருடைய பார்வன் பார்க் மாளிகை மருமகப்பிள்ளையின் நிலத்திலிருந்து காரில் போய்வரும் தூரம்தான், நானும் பார்த்தேன். அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் முயல் பரவிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-இல் முடிந்த நீண்ட வேலியும் அதைத் தடுக்கவில்லை. 1950-இல் மிக்ஸோமா என்ற வைரஸை விட்டார்கள். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தது. பிறகு தப்பியவற்றின் வாரிசுகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது.

பிரான்ஸில் நடந்ததை நம்மவர்கள் சிலர் அறிந்திருப்பீர்கள். 1952 ஜூனில் அர்மாந்-தெலீல் என்ற மருத்துவர், மாய்புவா என்ற இடத்தில் சுற்றுச்சுவர் கொண்ட தன் தோட்டத்தில் இரண்டு முயல்களுக்கு இதே கிருமியை ஏற்றினார். கிருமி சுவருக்குள் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் பிரான்ஸின் முயல்களில் பெரும்பகுதி கண் வீங்கிச் செத்தது. நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டது. பிறகு அவருக்குப் பதக்கமும் கிடைத்தது. அந்த நோயில் ஒரு முயல் சாக பத்து நாளுக்கு மேலும் ஆகும். அதோடு ஒப்பிட்டால், சரியாக வைத்த ஒரு குண்டு இரக்கமானது. சரியாக வைத்த குண்டு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். என் கருத்து முழுவதும் அதில்தான் நிற்கிறது.

இனி துப்பாக்கிக்கு வருவோம். முயலுக்குப் பயன்படுவது ரிம்ஃபயர் என்னும் சிறு ரக ரைஃபிள். தோட்டாவின் அடிப்பகுதியில் ஒரு விளிம்பு இருக்கும். வெடிக்கத் தூண்டும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே வளையமாகப் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். இதை 1845-இல் உண்டாக்கியவர் பாரீஸைச் சேர்ந்த ஃப்ளோபேர். வீட்டுக் கூடத்தில் குறிபார்த்து விளையாடுவதற்காகச் செய்தார். விளிம்பு நசுங்க வேண்டுமென்பதால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். அதனால் பெரிய அழுத்தம் தாங்காது. சத்தமும் உதையும் குறைவு, விலையும் குறைவு. சுட்ட தோட்டாவை மீண்டும் நிரப்ப முடியாது.

கடையில் வைக்கும் தேர்வு மூன்று.

முதலாவது .22 லாங் ரைஃபிள். 1887-இலிருந்து இருக்கிறது. ஈயக் குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். வேகமான வகை வினாடிக்கு 380 மீட்டர் போகும். ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்ஸோனிக் வகை 320 மீட்டர்.

இரண்டாவது .22 மேக்னம். 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே எடைக் குண்டு, வேகம் 580 மீட்டர் அளவில். இரண்டுக்கும் .22 என்று பெயர் இருப்பதால் ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. உறையின் அளவே வேறு.

மூன்றாவது .17 எச்.எம்.ஆர். 2002-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. குண்டு ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். வேகமோ வினாடிக்கு 770 மீட்டருக்கு மேல். 100 மீட்டரில் குறி சரிசெய்து வைத்தால் 150 மீட்டரிலும் மூன்று அங்குலம்போலத்தான் கீழே இறங்கும்.

மருமகப்பிள்ளைக்கு .17 மேல்தான் கண். "மாமா, இருந்த இடத்திலிருந்தே வேலி வரைக்கும் அடிக்கலாம்" என்பான். பக்கத்துப் பண்ணையில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் இருப்பது அவர் அப்பா காலத்து .22. அவர் ஒன்றும் வாதாட மாட்டார். மாலையில் வேலியோரம் நடந்து போய் இரண்டு முயலோடு திரும்புவார்.

என் ஓட்டு .22 லாங் ரைஃபிளுக்குத்தான். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, தூரம். முயலின் தலை ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு. அதில் பட்டால் அது அறியாமலே சாகும். வயிற்றிலோ காலிலோ பட்டால் வளைக்குள் ஓடிவிடும். நம் லியேவ்ர் வெளியே கிடக்கும், தேடிப் பிடிக்கலாம்; லப்பேன் பூமிக்குள் போய்விட்டால் யாரும் அதன் துன்பத்தை முடிக்க முடியாது. ஆகவே எவ்வளவு தூரம் குண்டு போகும் என்பது கேள்வி அல்ல. எவ்வளவு தூரத்தில் நீ பத்துக்குப் பத்து எலுமிச்சம்பழத்தில் அடிப்பாய் என்பதே கேள்வி. புதிதாகப் பழகுகிறவனுக்கு அது 50 மீட்டரைத் தாண்டாது. 150 மீட்டரில், மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று அடித்தால் .17 குண்டு சுமார் ஒரு சாண் நகர்ந்துவிடும். அந்தச் சமவெளியில் காற்று இல்லாத மாலை அபூர்வம். தூரம் போகும் துப்பாக்கி, தூரத்தில் சுடும் ஆசையைக் கொடுத்துவிடுகிறது.

இரண்டு, சத்தம். வேகக் குண்டு ஒலியைத் தாண்டும்போது சாட்டை சொடுக்கினாற்போல ஒரு வெடிப்பு. முதல் வெடிக்கே கூட்டம் முழுவதும் வளைக்குள் போய்விடும். அங்கே சத்தம் அடக்கும் குழாய் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. சப்ஸோனிக் தோட்டா .22-இல்தான் எளிதாகக் கிடைக்கிறது. பக்கத்தில் இருந்த முயல் சாய்ந்தாலும் மற்றவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயும் என்றார் பெரியவர்.

மூன்று, பயிற்சி. .17 தோட்டா .22-ஐவிட இரண்டு மூன்று மடங்கு விலை. விலை அதிகமானால் மனிதன் காகித இலக்கில் சுட்டுப் பழக மாட்டான். நேரே முயலில் பழகுவான். மலிவான தோட்டாவை நூறு நூறாகக் காகிதத்தில் சுட்டுத் தீர்த்தவன் கையில்தான் எனக்கு நம்பிக்கை.

நான்கு, கறி. அங்கே பெரும்பாலோர் சுட்ட முயலைப் புதைத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் அப்படி மனசு வராது. மிளகு வறுத்து அரைத்து வைத்த முயல் கறியை என் தங்கை அந்தக் குளிரில் செய்ததைச் சொன்னால் உங்களுக்கு நாக்கு ஊறும். .17 குண்டு உடலில் பட்டால் சிதறிப் பாதிக் கறி வீணாகிவிடும். .22-இல் தலையில் அடித்தால் ஒன்றும் கெடாது.

எதிர்வாதமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. மெதுவாகப் போகும் ஈயக் குண்டு கல்லிலோ காய்ந்த தரையிலோ தண்ணீரிலோ பட்டால் எகிறித் திசை மாறிப் போகும். .17-இன் மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே பெரும்பாலும் தூளாகிவிடும். கற்கள் நிறைந்த நிலத்துக்கு அந்த விதத்தில் .17 மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் .22-க்கும் முனையில் குழி உள்ள குண்டு கிடைக்கிறது, எகிறுவது குறையும். எந்தத் துப்பாக்கியானாலும் பின்னால் மண்மேடு இல்லாமல் விசையைத் தொடக் கூடாது. சாதாரண .22 தோட்டாப் பெட்டியிலேயே, குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். மேட்டில் நின்றுகொண்டு வானத்தை ஒட்டித் தெரியும் முயலைச் சுடுகிறவனுக்கு உரிமம் கொடுத்ததே தப்பு.

மேக்னம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நரியும் சேர்ந்து தொல்லை கொடுக்கும் இடத்துக்கு அது பொருந்தலாம். முயலுக்கு மட்டும் என்றால் சத்தமும் செலவும்தான் மிச்சம்.

உரிமம் விஷயத்தில் அந்த நாட்டை நான் மெச்சுகிறேன். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒரே ஆள் 35 பேரைக் கொன்றான். அதன் பிறகு அரசாங்கம் பணம் கொடுத்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. இப்போது துப்பாக்கி வேண்டுமென்றால் உண்மையான காரணம் காட்ட வேண்டும், பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும், முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை எளிதில் கிடைக்காது. ஒவ்வொன்றாகப் பூட்டுத் தண்டை இழுத்து ஏற்றும் போல்ட் வகைதான். வீட்டில் துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டும் பூட்டி. மருமகப்பிள்ளை இதைத் தொல்லை என்றான். வீட்டில் பத்து வயதுப் பையன் ஓடுகிறான். இதில் தொல்லை என்ன என்று கேட்டேன்.

கடைசியாக ஒன்று. துப்பாக்கியால் முயல் ஒழியாது. மாதா மாதம் குட்டி போடும் பிராணியை மாலைக்கு இரண்டாகச் சுட்டு யாரும் தீர்த்ததில்லை. அங்கே சட்டப்படி தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்த நியாயமான முயற்சி எடுப்பது நிலக்காரரின் கடமை. அந்த முயற்சியில் முதல் இடம் வளைக்கு. புதர்களை அகற்றி, டிராக்டர் கொண்டு வளையை ஆழமாகக் கிழித்து மூட வேண்டும். அதுவும் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரே பருவத்தில் செய்தால்தான் பலன். அதற்குப் பிறகு தப்பி நிற்கும் நாலைந்தைத் தீர்க்கத்தான் ரைஃபிள். அந்த நாலைந்துக்கு, 50 மீட்டருக்குள் நடந்து போக, மண்மேட்டைப் பார்த்து நிற்க, சத்தமில்லாமல் ஒரே குண்டில் முடிக்க .22 போதும்.

ஆகவே, உங்கள் பிள்ளைகள் யாராவது அங்கே நிலம் வாங்கி இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்டால், முதலில் டிராக்டர் வாடகை விசாரிக்கச் சொல்லுங்கள். பிறகு .22-உம், இரும்புப் பெட்டியும், நிறையக் காகித இலக்கும் வாங்கச் சொல்லுங்கள். மருமகப்பிள்ளை இன்னும் .17 பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். வளைகளை மட்டும் இந்தக் கோடையில் கிழிப்பதாகப் பக்கத்துப் பெரியவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். அதுவரைக்கும் நல்லது.