பிரின்டர் சீப்பு... இங்க் ஆப்பு!

இன்பிளான்ட் ட்ரெயினிங் சீஸன்ல ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கறவங்களுக்குத் தெரியும். உங்க சி.ஜி.பி.ஏ-வைக் கேட்கறதுக்கு முன்னாடி, 'பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கா தம்பி?'ன்னுதான் கேட்பாங்க. அப்ளிகேஷனுக்கு ஒண்ணு, கேட் பாஸுக்கு ஒண்ணு, பேங்க் அக்கவுன்ட்டுக்கு ரெண்டு. அஞ்சாறு பேரா ரூம் எடுத்துத் தங்கியிருக்கற ட்ரெயினி அண்ணன்களுக்கும் இதே கதைதான். 'பேசாம நாமளே ஒரு போட்டோ பிரின்டர் வாங்கிட்டா என்ன?'ன்னு ஒருத்தன் கிளப்பிவிடுவான். நல்ல ஐடியாதான் பாஸ். ஆனா, கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க.

கடையில முதல்ல கண்ணுல படறது கார்ட்ரிட்ஜ் பிரின்டர். விலையைப் பார்த்தா 'அட, இவ்ளோதானா!'ன்னு தோணும். ரேசரை சும்மா மாதிரி கொடுத்துட்டு பிளேடுல காசு பார்க்கற அதே டெக்னிக். டப்பாவுல 'இத்தனை பக்கம் வரும்'னு போட்டிருக்கறதை நம்பி போட்டோவுக்குக் கணக்குப் போடாதீங்க. அந்தப் பக்கக் கணக்கு, ஐ.எஸ்.ஓ. 24712-னு ஒரு டெஸ்ட் ஃபைலை வச்சு எடுத்தது. அதுல பாதிக்கு மேல வெள்ளைப் பேப்பர்தான். உங்க மூஞ்சி அப்படியா? விளிம்புல இருந்து விளிம்பு வரைக்கும் இங்க் குடிக்கும்.

இதுக்கு முதல்ல மருந்து கண்டுபிடிச்சது கம்பெனிக்காரங்க இல்ல, கடைக்காரங்க. பிரின்டருக்கு வெளியே டப்பாவை ஒட்டி, டியூப் விட்டு, பாட்டில் இங்க்கை ஊத்தினாங்க. இந்தோனேஷியாவுல இது சக்கைப்போடு போட, 2010-ல எப்சன் தானே ஒரு டாங்க் பிரின்டரை அங்கதான் முதல்ல இறக்கிச்சு. 2015-ல கேனன் ஜி சீரிஸ், அப்புறம் ஹெச்.பி.னு எல்லாரும் அந்த ரூட்டைப் பிடிச்சாங்க.

டாங்க்ல என்ன லாபம்? எப்சன் எல்805-னு ஒரு போட்டோ மாடல். ஆறு கலர், ஒவ்வொண்ணும் 70 மில்லி. மொத்தம் 420 மில்லிக்கு 1,800 படம் (4x6 சைஸ்) வரும்னு கம்பெனி கணக்கு. அதாவது ஒரு படத்துக்குக் கால் மில்லிகூட இல்ல! பாட்டில் 600 ரூபாய்னு வச்சுக்கிட்டா, ஆறு பாட்டில் 3,600. ஒரு படத்துக்கு இங்க் செலவு 2 ரூபாய். க்ளாஸி பேப்பர் காசு தனி. ஒரு 4x6 ஷீட்ல எட்டு பாஸ்போர்ட் போட்டோ ஜம்முனு உட்காரும். நாலு கலர் டாங்க்லயும் அடிக்கலாம். ஆனா, லைட் சயான், லைட் மெஜன்டா இருக்கற ஆறு கலர்ல முகம் புள்ளி புள்ளியாத் தெரியாது.

இப்போ வில்லங்கம். பல டாங்க் பிரின்டர்ல ஹெட் மெஷினோடயே ஃபிக்ஸ் ஆனது. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாசம் கழிச்சு வந்தீங்கன்னா, நாஸில்ல இங்க் காய்ஞ்சு, படத்துல கோடு கோடா விழும். ஹெட் க்ளீனிங் கொடுத்தா அதுவும் உங்க இங்க்கைத்தான் குடிக்கும். வாரத்துக்கு ஒரு கலர் படமாவது அடிச்சிடுங்க. முக்கியமா, நம்ம ஹாஸ்டல் பழக்கமான ஸ்விட்ச்போர்டுலயே 'டப்'புனு ஆஃப் பண்றது கூடவே கூடாது. பிரின்டர் பட்டனை அமுக்கினாத்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும்.

எப்பவாவதுதான் அடிப்பேன்கற பார்ட்டிக்கு கேனன் செல்ஃபி மாதிரி டை-சப்ளிமேஷன் பிரின்டர் இருக்கு. இங்க்கே கிடையாது, ரிப்பன்தான். மஞ்சள், மெஜன்டா, சயான்னு மூணு தடவை சூடுபட்டு கலர் ஏறும். நாலாவது தடவை மேல ஒரு கோட்டிங். காயறதுக்கு ஒண்ணுமில்ல. பேப்பரும் ரிப்பனும் சேர்த்து 108 படத்துக்கு ஒரு பேக் வரும். பேக் விலையை 108-ஆல வகுத்தா ஒரு படத்தோட ரேட், அவ்ளோதான். ஆனா அசைன்மென்ட் அடிக்க முடியாது. தூக்கிப் போடற ரிப்பன்ல நீங்க அடிச்ச படம் நெகட்டிவ் மாதிரி பதிஞ்சிருக்கும். குப்பையில போடறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க, குறிப்பா ஃபிகர் போட்டோன்னா!

என்னைக் கேட்டா, மாசம் பத்து படம் அடிக்கற ஆளுக்கு எந்த பிரின்டரும் வேணாம். ஸ்டுடியோ அண்ணன்கிட்டயே போங்க. ரூம்ல ஆறு பேர் பங்கு போட்டா மட்டும் டாங்க். வாங்கற அன்னிக்கே, ட்ரெயினிங் முடிஞ்சு ரூம் கலையறப்போ மெஷின் யாருக்குன்னு பேசி முடிச்சிடுங்க. அவரு அதை பஸ்ல மடியில சாய்ச்சு வச்சுக்கிட்டு ஊருக்குப் போகாம இருக்கணும். சில மாடல்ல ட்ரான்ஸ்போர்ட் லாக் இருக்கும். அதைத் திருப்பிட்டு, அட்டைப்பெட்டியில நேரா வச்சுத் தூக்கணும். இல்லேன்னா, ஆறு கலரும் பேன்ட்லதான்!